வாளித் தண்ணீரில் இருக்கிறது ரோஜாவின் ஆயுள்

கொழும்பில் வாங்கிய ரோஜா இரண்டாம் மூன்றாம் நாளே கழுத்தை மடித்துத் தொங்கினால், “பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டான்” என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு. தொங்கும் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. இதழில் நிறம் குறைந்திருக்காது, ஓரம் கருகியிருக்காது, மொட்டு பாதிகூட விரிந்திருக்காது. வயதான பூவின் முடிவு வேறு மாதிரி இருக்கும். அது முழுக்க மலர்ந்து, நிறம் மங்கி, இதழ் உதிர்த்துத்தான் ஓயும். மொட்டாக இருக்கும்போதே தலை சாய்ந்த பூ இளமையிலேயே செத்த பூ. அதைக் கொன்றது தாகம். சாடி நிறையத் தண்ணீர் இருக்க, அதில் நின்றுகொண்டே ஒரு பூ எப்படித் தாகத்தால் சாகும் என்பது விளங்கிவிட்டால், தோட்டத்தில் வெட்டும் கத்தியிலிருந்து வீட்டு மேசைச் சாடி வரை எங்கே என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாளிகாவத்தையின் நிக்காஹ் மேடை, கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் பீடம், வெள்ளவத்தைக் கலியாண மண்டபம், பொரளைக் கனத்தை மயானத்தை ஒட்டிய பூக்கடை வரிசை என்று கொழும்பில் தண்டோடு கூடிய ரோஜா போய்ச் சேராத இடமில்லை. பன்னீர் ரோஜாவையும் மாலைக்குக் கட்டும் உதிரி ரோஜாவையும் இதில் சேர்க்கவில்லை. அவை முழுக்க மலர்ந்தபின் ஒரு நாள் வாழ்வுக்காகவே பறிக்கப்படுபவை. இங்கே பேசுவது முழ நீளத் தண்டும் இலையுமாக, மொட்டு நிலையில் வெட்டி, ஒரு வாரமாவது நிற்கும் என்று நம்பி வாங்கும் ரோஜாவைப் பற்றி. கொழும்புக்கு வரும் அத்தகைய பூக்கள் பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மலைத் தோட்டங்களின் பொலித்தீன் கூடாரங்களில் விளைபவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸை ஒட்டியது. கொழும்பின் சராசரி 27, 28 பாகை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை சூடு கூடும் என்று பள்ளிக்கூடப் பூகோளப் பாடத்தில் படித்த கணக்கு இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வண்டி இறங்க இறங்க, பூ ஒரே இரவில் பன்னிரண்டு பாகை கூடுதலான சூட்டுக்குள் வந்துவிடுகிறது.

முதலில் தண்டுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். தலைமயிரிலும் மெல்லிய நீர்க்குழல்கள் ஆயிரக்கணக்கில் அதற்குள் மேல்நோக்கிப் போகின்றன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, குழலில் உள்ள நீர் அறுபடாத கம்பியாக மேலே இழுபடுகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த டிக்ஸனும் ஜோலியும் 1894இல் முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் இன்றும் தாவரவியல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே செடியின் தண்டில் உள்ள நீர் எப்போதும் இழுவையில் நிற்கும் நீர். கத்தி பட்ட கணமே அந்த இழுவை அறுகிறது, நீர் உள்ளே விலகுகிறது, வெட்டுவாய் வழியாகக் காற்று புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தண்டைத் தண்ணீரில் வைத்தாலும் காற்றுக் குமிழி அடைத்த குழலில் நீர் ஏறுவது கடினம். தண்டின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மறுபடி வெட்டச் சொல்வதும், முடிந்தால் தண்ணீருக்குள் பிடித்தபடியே வெட்டச் சொல்வதும் இதற்காகத்தான். தண்ணீருக்குள் வெட்டினால் குழல் உள்ளே இழுப்பது நீரை; காற்றுக்கு அங்கே வழியில்லை. கத்தி கூராக இருப்பது முக்கியம். மழுங்கிய கத்தரிக்கோல் குழல்களை நசுக்கி மூடிவிடும். தண்டின் நுனியைச் சுத்தியலால் தட்டி நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று சிலர் செய்வதுண்டு. அது நேர்மாறான வேலை. குழல்களும் சிதைகின்றன, நசுங்கிய சதையிலிருந்து ஊறும் சாறு கிருமிக்குத் தீனியாகவும் ஆகிறது.

தலை ஏன் கழுத்தில் மடிகிறது, தண்டின் நடுவில் ஏன் மடிவதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ரோஜாத் தண்டு கீழிருந்து மேலாக முற்றி மரமாகிறது. மொட்டுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று அங்குலம்தான் கடைசியாக முற்றும் பகுதி. அது வரைக்கும் அந்த இடத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பது உயிரணுக்களுக்குள் உள்ள நீரின் அழுத்தம் மட்டுமே. நீர் வரவு கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தளர்வது அந்த இடம். ஆகவே கழுத்து மடிந்த ரோஜா தண்டின் அடியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. மடிந்த பூவின் தண்டடியைப் புதிதாக வெட்டி, பூவும் இலையும் தண்டுமாக முழுவதையும் ஒரு அகலமான தொட்டித் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் படுக்க வைத்தால், அடைப்பு முற்றிப் போகாத பூ பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். முதுமையால் சாயும் பூ எந்தத் தண்ணீரிலும் நிமிராது. நிமிர்கிற பூ, தான் தாகத்தில் இருந்ததைத் தானே சொல்லிவிடுகிறது.

காற்று முதல் அடைப்பு என்றால், இரண்டாவதும் பெரியதுமான அடைப்பு பக்டீரியா. நெதர்லாந்தின் ஆய்வாளர் ஆர்ட்ஸ் 1957இல் வெட்டுப் பூக்களின் ஆயுளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு முதல், வூட்டர் வான் டோர்ன் 1980களிலும் 90களிலும் செய்த நுணுக்கமான சோதனைகள் வரை, திரும்பத் திரும்ப வந்த முடிவு ஒன்றே: சாடித் தண்ணீரில் பெருகும் பக்டீரியாவும் அது சுரக்கும் பசையும் வெட்டுவாயில் படிந்து நீர்க்குழல்களை அடைக்கின்றன. ஒரு மில்லிலீட்டர் தண்ணீரில் பக்டீரியா பத்து இலட்சம், ஒரு கோடி என்ற அளவை எட்டும்போது நீரோட்டம் குறைந்து பூ தளரத் தொடங்குகிறது. பெரிய எண்ணாகத் தோன்றினாலும் கொழும்புச் சூட்டில் அது வெகு சீக்கிரம் எட்டப்படும் எண். மணிக்கு ஒருதரம் இரட்டிக்கும் கிருமி, தீனி இருக்குமானால் ஒரு நாளில் ஒரு கோடி மடங்கையும் தாண்டிப் பெருகும். நடைமுறையில் தீனி தீர்ந்து வேகம் தணியும் என்றாலும், நேற்றைய பூவின் இலை அழுகிக் கிடக்கும் வாளியில் தீனிக்குப் பஞ்சமில்லை. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. செத்த பக்டீரியாவும் குழலை அடைக்கும். பாசி பிடித்த வாளியில் மருந்தை ஊற்றி “சுத்தமாகிவிட்டது” என்று நினைக்க இடமில்லை. முதலில் வாளியைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

கழுவிய வாளியில்தான் எல்லாமே இருக்கிறது என்று சொன்னால், “கொழும்பின் சூட்டை என்ன செய்வது?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெட்டிய பூவும் மூச்சு விடுகிறது. சேமித்த மாவுப்பொருளை எரித்துத்தான் உயிர் வைத்திருக்கிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இந்த எரிப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு வரை கூடும். பூ வணிகம் ரோஜாவை வைத்திருக்க விரும்பும் சூடு ஒன்று முதல் மூன்று பாகை. அதிலிருந்து கொழும்பின் 28 பாகைக்கு வரும்போது மூச்சு ஏறத்தாழ ஆறிலிருந்து பதினைந்து மடங்கு ஆகிறது. இந்தக் கணக்கில், மாளிகாவத்தையில் ஒரு கடை வாசலில் நிற்கும் ஒரு முழு நாள், குளிரறையில் ஒரு வாரம், இரு வாரம் கழித்ததற்குச் சமம். குளிரின் ஆற்றலுக்கு உலகச் சந்தையே சான்று. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரை கிட்டத்தட்ட நுவரெலியாவின் உயரம், 1880 மீட்டரை ஒட்டியது. அங்கே வெட்டிய ரோஜா குளிர்விக்கப்பட்டு, லொறியும் விமானமும் ஏறி, சில நாள் கழித்து லண்டன் கடைக்கு வந்த பிறகும் “வீட்டில் ஏழு நாள் நிற்கும்” என்ற உத்தரவாதத்தோடு விற்கப்படுகிறது. இப்போது மொம்பாசா துறைமுகத்திலிருந்து குளிர்க் கொள்கலனில் நாலு வாரம்போலக் கடலில் பயணித்தும் ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தமிழ்நாட்டு ஓசூரில் விளையும் ‘தாஜ்மகால்’ சிவப்பு ரோஜாவும் காதலர் தினத்துக்குக் குளிரிலேயே விமானம் ஏறுகிறது. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கோ ஓர் இரவுப் பயணந்தான். தூரம் பூவைக் கொல்வதில்லை என்பது இதிலிருந்து தெளிவு.

அப்படியானால் குளிர்சாதன லொறியும் குளிரறையும் வேண்டும், அது ஏழைப்பட்ட பூக்கடைக்காரர்களால் ஆகுமா என்ற ஆட்சேபம் அடுத்ததாக வரும். ஆகாது என்றே ஒப்புக்கொள்கிறேன். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாட்களைக் கண்ட ஊரில், மின்சாரத்தை நம்பி மட்டும் ஒரு தொழிலை நடத்து என்று எவருக்கும் புத்தி சொல்ல முடியாது. ஈரச்சாக்கைப் போர்த்தினால் குளிரும் என்பதும் கொழும்பில் அரைகுறை உண்மை. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதன் 75, 80 சதவீதம் இருக்கும்போது சாக்கிலிருந்து நீர் ஆவியாவது குறைவு, கிடைக்கும் குளிர்ச்சியும் இரண்டு மூன்று பாகைதான். ஆனால் இந்த ஆட்சேபம் சூட்டையும் அடைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. சூடு பூவின் கையிருப்பைக் கரைக்கிறது. ஏழு எட்டு நாள் நிற்க வேண்டிய பூவை ஐந்து நாளாக்குகிறது. அந்த ஐந்து நாளைக்கூட நிற்க விடாமல் இரண்டாம் நாளே கழுத்தை மடக்குவது அடைப்பு. முதலாவதைத் தடுக்க இலட்சங்கள் வேண்டும். இரண்டாவதைத் தடுக்க ஒரு தேய்ப்புத் தூரிகையும் ஒரு போத்தல் பிளீச் திரவமும் போதும். பணம் இல்லாத இடத்தில் முதலில் செய்ய வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிழலும் உதவும்: வெயில் படும் வாசலில் வரிசையாக வைத்த வாளிகளை நாலு அடி உள்ளே தள்ளி வைப்பதற்குச் செலவே கிடையாது.

குற்றம் கடைக்காரருடையது மட்டுமில்லை, தோட்டத்திலும் இருக்கிறது என்பாரும் உண்டு. இது பாதிக்கும் மேல் சரி. மொட்டு மிகவும் இறுகியிருக்கும்போது வெட்டினால் கழுத்து முற்றியிருக்காது, கையிருப்பும் சேர்ந்திருக்காது. அந்தப் பூ விரியாமலே சாயும். புற இதழ்கள் மடங்கி, வெளிப்புறத்து ஒன்றிரண்டு இதழ் விலகத் தொடங்கும் பதம்தான் வெட்டும் பதம். தொலைதூரத்துக்குப் போகும் பூவைக் கொஞ்சம் முந்தி வெட்டலாம், ஆனால் அதிகம் முந்தினால் நட்டம் வாங்குபவருக்கு. ஈரப்பதனும் ஒரு காரணம். பொலித்தீன் கூடாரத்துக்குள் இரவும் பகலும் 90 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில் வளர்ந்த ரோஜாவின் இலைத்துளைகள் மூடும் பழக்கத்தை இழந்துவிடுகின்றன என்று நோர்வே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வெட்டிய பிறகும் அந்தத் துளைகள் திறந்தபடியே நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். மூடுபனியும் மழையும் நிறைந்த நமது மலைநாட்டில் கூடாரத்தின் பக்கத் திரைகளைப் பகலில் சுருட்டிக் காற்றோட்டம் விடுவது இந்த வகையில் பூவின் ஆயுளுக்கு நேரடி முதலீடு. ரகமும் முக்கியம், சில ரகங்கள் பிறவியிலேயே நீண்ட ஆயுள் கொண்டவை. இவையெல்லாம் உண்மையாக இருந்தும் வாதம் மாறுவதில்லை. சிறந்த ரகத்தைச் சரியான பதத்தில் அதிகாலையில் வெட்டினாலும், வெட்டியதும் போடும் வாளி அழுக்கானால் அவ்வளவு உழைப்பும் அங்கேயே வீணாகிறது. பூ சந்திக்கும் முதல் வாளி தோட்டத்து வாளி என்பதையும் மறக்கக் கூடாது.

வழியில் இன்னொரு எதிரி சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிட்டத்தட்ட இல்லை. எதிலீன் என்ற வாயு. பழுக்கும் வாழையும் பப்பாளியும் மாம்பழமும் அவகாடோவும் வெளிவிடுவது. அரைகுறையாக எரியும் எதிலிருந்தும் வருவது. யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் குழியில் இறக்கிப் புகை ஊதிப் பழுக்க வைத்த முந்தைய தலைமுறை, அந்தப் புகையில் வேலை செய்தது இந்த வாயு என்று அறியாமலே அதைச் சரியாகப் பயன்படுத்தியது. காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு ரோஜாவுக்கு “உன் காலம் முடிந்தது” என்று சொல்லும் செய்தி. மொட்டு கோணலாக விரியும், இதழ் முன்கூட்டியே உதிரும், இலை மஞ்சளாகும். எல்லா ரோஜாவும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை, ஆனால் பல ரகங்கள் பாதிக்கப்படுகின்றன. மலைநாட்டிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு இரவில் இறங்கும் லொறியில் பழப்பெட்டிகளோடு பூவையும் ஏற்றினால், விடியும்போது பூ ஒரு நாள் இரண்டு நாள் மூத்துப் போயிருக்கும். பெரிய ஏற்றுமதியாளர்கள் எதிலீனைப் பூ உணராதபடி தடுக்கும் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை. பூச்சாடியைப் பழக்கூடைக்குப் பக்கத்திலும், சாம்பிராணி ஊதுபத்தி புகையும் இடத்திலும், ஆட்டோக்கள் நின்று உறுமும் சன்னலோரத்திலும் வைக்காமலிருந்தால் போதும். இரவில் பூவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் அதற்குள் பழம் இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமது வீடுகளில் கைமருத்துவங்களுக்குக் குறைவில்லை. செப்புக் காசு போடுவது அவற்றில் ஒன்று. கரைந்த செம்பு கிருமியைக் கொல்லும் என்பது சரி, ஆனால் காசிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு மிகமிகச் சொற்பம். பனடோல் போடுவதால் ஒன்றும் ஆகாது. அதிலுள்ள பரசிட்டமோல் தண்ணீரைப் புளிக்க வைக்கும் பொருளல்ல. அஸ்பிரின் கொஞ்சம் புளிப்பாக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. சோடா ஊற்றினால் சீனியும் புளிப்பும் கிடைக்கும், கிருமியைத் தடுக்க எதுவும் இருக்காது, ஆகவே முதல் நாள் நன்றாகவும் மூன்றாம் நாள் நாற்றமாகவும் முடியும். எல்லாவற்றிலும் அதிகம் பரவிய பழக்கம் பூவின் மேல் தண்ணீர் தெளிப்பது. கடை வாசலில் முத்து முத்தாக நீர் நிற்கும் இதழைப் பார்த்தால் யாருக்கும் புதுப் பூ என்றே தோன்றும். ஆனால் பூவின் தாகம் தீர்வது வெட்டுவாய் வழியாகத்தான். இதழில் நிற்கும் நீர் சாம்பல்பூஞ்சணத்துக்கு விதைநிலம். இதழில் முதலில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தோன்றும், பிறகு அது பரவி மொட்டின் அடிவரை அழுகும். கொழும்பின் ஈரக் காற்றில் அந்த நீர் சீக்கிரம் காயவும் செய்யாது. குளிரறையிலிருந்து எடுத்த பூவை உடனே சூடான காற்றில் வைத்தால் இதழில் வியர்க்கும் நீரும் இதே கேட்டைச் செய்யும். கட்டைத் தாளோடு சுற்றியபடியே நிழலில் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு பிரிப்பது நல்லது.

பூக்கடைகளில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும் ‘பூ உணவு’ மூன்றே வேலைதான் செய்கிறது: சீனி கொடுக்கிறது, தண்ணீரைப் புளிப்பாக்குகிறது, கிருமியைத் தடுக்கிறது. மூன்றும் நமது குசினியில் இருக்கின்றன. ஒரு லீட்டர் குழாய்த் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, வடிகட்டிய தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, வாசனை சேர்க்காத வீட்டுப் பிளீச் திரவம் கால் தேக்கரண்டி. சீனி மொட்டு விரிவதற்கான எரிபொருள்; அறைக்குள் வெளிச்சம் போதாமல் இலை தானாக உணவு செய்ய முடியாத குறையை அது ஈடு செய்கிறது. புளிப்பு தண்ணீர் ஏறுவதை இலகுவாக்குவதோடு கிருமிக்கும் பிடிக்காது. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: தேசிக்காய்ச் சாற்றையும் பிளீச்சையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். முதலில் முழு அளவு தண்ணீர், பிறகு சீனியும் சாறும், கலக்கிய பிறகே பிளீச். பிளீச் கிடைக்காவிட்டால் சீனியையும் விட்டுவிடுங்கள். கிருமி தடுப்பு இல்லாத சீனித் தண்ணீர் பூவைவிடக் கிருமிக்குத்தான் விருந்து. கடைக்காரரின் வாளிக்குச் சீனி தேவையில்லை. பத்து லீட்டருக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச், கழுவிய வாளி, இரண்டும் போதும். கொழும்பின் குழாய்த் தண்ணீரில் அம்பத்தளையில் சேர்த்த குளோரின் இருக்கிறதே என்று கேட்கலாம். குடிப்பதற்குப் போதுமான அளவு அது. இலை அழுகும் வாளியைக் காப்பதற்குப் போதாது, திறந்த பாத்திரத்தில் தங்கவும் தங்காது.

தண்ணீர் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் ஒரே அளவை எங்கும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல்லில் தங்கிய கடினத் தண்ணீர். அதைப் புளிக்க வைக்க ஒரு தேக்கரண்டி சாறு போதாது, இரண்டாவது வேண்டும். அனுராதபுரம் போன்ற வட மத்திய மாகாணத்துப் பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். ரோஜா அதைப் பொறுக்காது, இலையோரமும் இதழோரமும் கருகும். அங்கே சேமித்த மழைத்தண்ணீரே பூவுக்கு நல்லது.

கலியாண மேடைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் ரோஜா மிக அதிகமாகவும் மிக மோசமாகவும் செலவாகும் இடம் அதுதான். மேடை அலங்காரத்துக்குப் பூவைக் குத்தி வைக்கும் பச்சை நிறக் கட்டியை ‘ஒயாசிஸ்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1954இல் வெர்னன் ஸ்மிதர்ஸ் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்த நுரைக்கட்டியின் வணிகப் பெயர் அது. அந்தக் கட்டியைத் தண்ணீரில் மிதக்க விட்டால் தானாக உறிஞ்சிக்கொண்டு தாழும். அவசரத்தில் கையால் அமுக்கி மூழ்கடித்தால் வெளிப்பக்கம் நனைந்து உள்ளே காற்றுப் பை தங்கிவிடும். பார்வைக்கு ஈரமாகத் தெரியும் அந்தக் கட்டிக்குள் தண்டின் நுனி காய்ந்த பள்ளத்தில் நிற்கும். பின்னேரம் நிக்காஹ் முடிந்து இரவு விருந்து தொடங்குவதற்குள் மேடையின் ஒரு பக்கத்துப் பூக்கள் மட்டும் தலை குனிவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். குத்திய தண்டை வெளியே இழுத்து மறுபடி குத்துவதும் அதே பள்ளத்தை உண்டாக்கும். குத்துவதற்கு முன் பூவைக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் சுத்தமான தண்ணீரில் கழுத்தளவு நிற்க விட்டால் அது நிரம்பக் குடித்துத் தயாராகிவிடும். மண்டபத்தின் குளிரூட்டி பூவைக் காப்பாற்றும் என்று நம்புவதிலும் ஒரு பிழை இருக்கிறது: அதன் நேர்க்காற்று உலர்ந்த காற்று, இலையிலிருந்து நீரை இழுத்துவிடும். வீட்டில் மேசைக்கு நேர் மேலே சுழலும் மின்விசிறியும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த பூவுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. சாடியைத் துணி துவைக்கும் தூளால் உட்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். கண்ணாடிச் சாடியின் உள்சுவரில் வழுவழுப்பாகக் கைக்குத் தட்டுப்படுவதுதான் முந்திய பூவைக் கொன்ற கிருமியின் படலம். தண்ணீருக்குள் போகும் இலைகளை நீக்குங்கள், மேலே உள்ளவற்றை விட்டுவிடுங்கள். முள்ளை உரசிச் சீவாதீர்கள். தோல் கீறிய ஒவ்வொரு இடமும் ஒரு புண். தண்டைச் சாய்வாக வெட்டுங்கள், நுனி சாடியின் அடியில் தட்டையாக ஒட்டி அடைபடாது. இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீரை முழுக்க மாற்றி, நுனியில் ஓர் அங்குலத்தை மறுபடி வெட்டுங்கள். குறைந்த தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றுவது, அழுக்கு வாளியில் மருந்து ஊற்றுவதைப் போன்றதுதான்.

“வாடத்தானே பூ பிறந்தது, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?” என்பது கடைசி ஆட்சேபம். பூ வாடும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாலாம் நாளில் மலர வேண்டிய மொட்டு இரண்டாம் நாளில் குப்பைக்குப் போகும்போது, அதனோடு போவது மலைநாட்டுத் தோட்டத்தில் விடியற்காலைக் குளிரில் கையுறையோடு வெட்டிக் கட்டிய தொழிலாளியின் உழைப்பும், கடனுக்கு வாங்கி வைத்து விற்காத பூவைக் கொட்டும் சிறு கடைக்காரரின் காசும், கூடாரத்தில் ஊற்றிய தண்ணீரும் உரமும் மருந்தும். கொழும்புக்காரர் ஒரு ரோஜாவைத் தலை சாய்ந்த நாளில் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த முறை பிளாஸ்டிக் பூவை வாங்கிக்கொள்கிறார்; அந்தத் தீர்மானத்தின் நட்டம் வெலிமடையில் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் விழுகிறது. நன்றாக நிற்கும் பூ மறுபடி வாங்கப்படும். கடைக்காரருக்கு இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

மாற்றத்தை வாங்குபவர்தான் தொடங்க முடியும். கடையில் பூவின் நிறத்தையும் இதழில் நிற்கும் நீர்முத்தையும் பார்த்துத் தெரிவு செய்வதை விட்டுவிடுங்கள். ஒரு தண்டைத் தூக்கி, மொட்டுக்குக் கீழே கழுத்தை இரு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும். பிறகு தண்டின் நுனியைப் பாருங்கள். கறுத்தோ வழுவழுத்தோ இருக்கக் கூடாது. பிறகு வாளிக்குள் எட்டிப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால், “நுனியைப் புதுசா வெட்டித் தாங்க தம்பி” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலங்கி மணத்தால் அதைக் கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் அந்த வாளி கழுவப்படும்.